டேப்பு புடிச்சு எடுத்த கோயில் படம்

ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை ஒன்னே ஒன்னுதான். கடலூர்லேர்ந்து கெளம்பி, வழியில இருக்கற சோழர் காலத்துக் கோயில் ஊருங்களைப் போட்டோ எடுத்துகிட்டு, சாயந்திரம் நாலு மணிக்குள்ள சிதம்பரத்துல ஒரு கண்காட்சிக்காரங்க கிட்ட ஒரு படம் குடுக்கணும். தலைப்பு 'ஆளில்லாத பழமை'. படத்துல மனுஷ வாடையே இருக்கக் கூடாதாம்.

மூணு வருஷமா கேமராவும் கையுமா திரியறேன். என் படத்தை இதுவரைக்கும் யாரும் ஒரு செவுத்துல மாட்டினதில்ல. எங்க வீட்டுச் செவுத்துலயும்தான்!

துணைக்கு எங்க வீட்டுக்காரரு. மாமான்னுதான் கூப்பிடுவேன். வண்டி ஓட்டறது, கேமராவோட மூணு காலு ஸ்டாண்டைத் தூக்கறது, எடுத்த படத்தைப் பாத்து "நல்லாருக்கு"ன்னு சொல்றது, மூணும் அவரு டிபார்ட்மெண்டு. லாரி ஜாஸ்தியா போற ரோடாச்சேன்னு, ரோடு போடறவங்க மாட்டுவாங்களே, பளபளன்னு மின்னற பச்சைக் கோட்டு, அதை எங்கேயோ வாங்கி மாட்டிகிட்டு வந்தாரு.

"எதுக்கு மாமா இந்த வேஷம்?"

"உசுரு மொதல்ல. படம் அப்புறம்."

கம்மாபுரம் பக்கம் நெலக்கரிச் சுரங்கத்துக்கு நெலத்தை எடுத்துக்க அளக்க வரப் போறாங்கன்னு ஒரு மாசமா பேச்சு. டீக்கடையில பேசறாங்க, பஸ்ல பேசறாங்க. எனக்கு வெளிச்சம், நிழல் தவிர வேற எதுவும் காதுல ஏறாது. ஏறியிருந்தா இன்னைக்கு இதை எழுதிகிட்டு இருக்க மாட்டேன்.

கம்மாபுரம் தாண்டி உள்ள போற ரோட்டுல, நெல்லு வயலை ஒட்டி ஒரு குட்டிக் கல்லு கோயில். உச்சியில அரசங்கன்னு மொளச்சிருக்கு. சுத்துவட்டாரத்துல ஒரு ஆளைக் காணோம்!

"நிறுத்துங்க மாமா!"

ஸ்டாண்டை வரப்புல நிறுத்தினேன். இங்கதான் என் புத்தி வேலை செஞ்சுது. முந்தின நாள் ஒரு வீடியோ பாத்தேன். கிட்ட இருக்கற கல்லும் தூரத்துல இருக்கற கோயிலும் ஒன்னா தெளிவா வரணும்னா, தூரத்தை அளந்துக்கணுமாம். விடுவேனா? கொத்தனாருங்க வச்சிருப்பாங்களே, நீட்டு டேப்பு, அதைக் கையோட கொண்டு வந்திருந்தேன்.

"மாமா, டேப்பைப் புடிச்சுகிட்டு அந்த எல்லைக்கல்லு வரைக்கும் போங்க! எத்தினி அடி?"

"நாப்பத்திரெண்டு!"

"அங்க ஒரு குச்சி நட்டு செவப்புத் துணி கட்டுங்க, எனக்கு அடையாளம் தெரியணும்! இப்ப வலது பக்கம், வயலுக்குள்ள எறங்குங்க! அங்க ஒன்னு!"

மூணு குச்சி நட்டாச்சு. மூணுலயும் செவப்புத் துணி பறக்குது. நான் பெருமையா நோட்டை எடுத்து, "அளவெல்லாம் எழுதிக்கிட்டேன் மாமா!"ன்னு ஊருக்கே கேக்கற மாதிரி கத்தினேன்.

ஊருக்கே கேட்டுது.

"யாரைக் கேட்டும்மா எழுதிக்கின?"

திரும்பிப் பாத்தா, நைட்டி மேல துண்டு, கையில மம்புட்டியோட ஒரு பொம்பளை. பேரு செல்வராணின்னு அப்புறம் தெரிஞ்சுது. அவுங்க பின்னாடி பத்து பேரு. அந்தப் பத்து பேருக்குப் பின்னாடி ஊரே வந்துகிட்டு இருக்கு.

"இது என் ஒன்னரை ஏக்கரு. ரெண்டு புள்ளைங்களை இதுலதான் படிக்க வச்சுக்கினு இருக்கேன். ஒரு அடி குடுக்க மாட்டேன். குச்சியைப் புடுங்கு!"

"ஐயோ, நான் போட்டோ எடுக்க வந்தவங்க!"

"போட்டோவுக்கு எதுக்கு டேப்பு?"

நியாயமான கேள்வி.

மாமாவைப் பாத்தேன். அவரு பதறாம, "நான் வெறும் டிரைவருங்க. எதுவா இருந்தாலும் மேடத்தைக் கேளுங்க"ன்னுட்டாரு. பதினாறு வருஷக் குடும்பம்! அடப்பாவி மனுஷா!

"கேமராவைக் காட்டு, பாப்போம்"னு ஒருத்தரு முன்னாடி வந்தாரு. அப்பாடா, தப்பிச்சோம்னு காட்டினேன்.

மொதல் படம் எல்லைக்கல்லு. அடுத்தது வாய்க்கா. அடுத்தது ஒரு கெணறு. அப்புறம் போர்செட்டு கொட்டாய், அது பக்கத்துலேர்ந்து ஒன்னு, தூரத்துலேர்ந்து ஒன்னு. எல்லாம் வர்ற வழியில எடுத்தது. ஆளில்லாத பழமை ஆச்சே!

"பாத்தீங்களா! ஒரு மனுஷன் மொகம் இருக்கா இதுல? எந்த நெலத்துல எது இருக்குதுன்னு லிஸ்டு எடுத்துக்கினு வந்திருக்கா!"ன்னு அவரு கத்தினாரு.

எனக்கு அழுகை முட்டிகிட்டு வந்துருச்சு. செல்வராணி என்ன நெனச்சாங்களோ, மம்புட்டியைக் கீழ ஊனினாங்க. "நெஜமாவே போட்டோகாரின்னா, எங்க, என்னை எடு."

எடுத்தேன். வாங்கிப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க.

"ஏண்டி, நான் நல்லாத்தான இருக்கேன்?"னு பக்கத்துல நின்ன பொம்பளையைக் கேட்டாங்க.

அவ்வளவுதான்! சண்டை போன எடம் தெரியல. தலை சீவ ஓடறாங்க, பட்டுப் பொடவை கட்ட ஓடறாங்க. ஒருத்தர் டிராக்டரைக் கழுவிக் கொண்டாந்து நிறுத்தறாரு. ஒரு ஆட்டுக்குப் பொட்டு வச்சு இழுத்துகிட்டு வராங்க. டிரைவர் மாமா அதுக்குள்ள, "நான்தான் மேடத்தோட அசிஸ்டெண்டு, வரிசையில வாங்க!"ன்னு கூட்டத்தை நிறுத்த ஆரம்பிச்சுட்டாரு.

செல்வராணியும் பொடவை மாத்திகிட்டு வந்து, தனியா வரப்புல ஏறி நின்னாங்க. "இன்னொன்னு எடு அக்கா. வயலு முழுசும் தெரியணும். நாளைக்கு இது இருக்குமோ இருக்காதோ."

அதையும் அளக்காமத்தான் எடுத்தேன். கல்லும் கோயிலும் வயலும் அவுங்களும், எல்லாம் தெளிவா வந்துது.

மத்தியானம் மீன் கொழம்பு போட்டு, அதுக்கப்புறம்தான் விட்டாங்க. கீரப்பாளையம் வழியா அடிச்சுப் புடிச்சு சிதம்பரம் போனப்ப மணி நாலே முக்கால். கண்காட்சிக்காரரு ரொம்ப நல்ல மனுஷன். "பரவால்ல மேடம், காட்டுங்க"ன்னாரு.

ஊரே வரிசையா நின்ன படத்தைக் காட்டினேன்.

"மேடம், தலைப்பு ஆளில்லாத பழமை. இதுல நாப்பது பேரும் ஒரு ஆடும் இருக்கு. கோயில் எங்க?"

"அந்தப் பச்சைக் கோட்டுக்குப் பின்னாடி இருக்குங்க."

என்னை வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாரு.

படங்களைப் பிரிண்டு போட்டு அந்த ஊருக்கு அனுப்பிட்டு, மறந்தும் போய்ட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு செல்வராணி கிட்டேர்ந்து போனு.

"அக்கா, நேத்து நெஜமாவே அளக்க வந்துட்டாங்க. பச்சைக் கோட்டு, மூணு காலு ஸ்டாண்டு, டேப்பு, எல்லாம் உன் மாதிரியே."

"ஐயையோ! அப்புறம்?"

"அப்புறம் என்னா? போட்டோ எடுக்க வந்திருக்காங்கன்னு ஊரையே கூப்ட்டேன். எல்லாரும் பவுடர் பூசிக்கினு அவுங்க ஸ்டாண்டுக்கு முன்னாடி வரிசையா நின்னுட்டோம். 'நகருங்கம்மா, அளக்கணும்'ன்றாங்க. 'மொதல்ல எங்களை எடு, அந்த அக்கா எடுத்துச்சு இல்ல?'ன்றோம். ஆட்டைக் கூட கொண்டாந்தோம்க்கா. மூணு மணி வரைக்கும் சிரிச்ச மொகமா நின்னோம். ஒரு அடி கூட அளக்காம வண்டியை எடுத்துக்கினு போய்ட்டாங்க."

"அவுங்க யாருன்னு நெஜமாவே தெரியலையா உங்களுக்கு?"

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "தெரியாமலா? மறுபடி வருவாங்க. வரட்டும். பொடவையெல்லாம் அயர்ன் பண்ணி வச்சிருக்கோம்."

மூணு வருஷத்துல என் போட்டோகிராஃபியால ஒரு உருப்படியான காரியம் நடந்தது இந்த ஒரு வாட்டிதான், அதுவும் நான் அங்க இல்லாதப்ப.