ஆறே ஆறு எண்கள்

எங்கள் அலுவலகத்தில் ஒருவரை நான்கு வருடங்களாகக் கவனித்து வருகிறேன். மேசைக்கு ஒரு வேலை வந்ததும் அவர் முதலில் செய்வது, மௌஸிலிருந்து கையை எடுத்து முழங்காலின்மேல் வைத்துக்கொள்வதுதான். அந்தக் கை நகர்ந்தால் நாங்கள் எழுந்து தேநீர் போடப் போய்விடுவோம். அந்த வேலை அன்றைக்கு முடியாது.

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் கைபடாதார். உங்கள் அலுவலகத்திலும் ஒருவர் இருப்பார். பத்து நிமிட வேலையைக் கையால் செய்யச் சொன்னால் அவருக்கு உடம்பு கூசும். அதே வேலையைக் கணினி தானாகச் செய்துகொள்ள வழி பண்ணலாமா என்று கேட்டால் மூன்று நாள் தலைநிமிராமல் உட்காருவார், மதியச் சாப்பாட்டை மறப்பார், மனைவியின் போனை எடுக்க மாட்டார், கடைசியில் பத்து நிமிட வேலை நான்கு விநாடியில் முடிவதை நம் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுவார். நாமும் கைதட்டுவோம். வேறென்ன செய்வது?

ராக்ஹாம்ப்டனில், எங்கள் வரைபட அலுவலகத்தில், அவர் பெயர் வார்விக். ஐம்பது வயது, அரைக்கால் சட்டை, முழங்கால்வரை இழுத்துவிட்ட காலுறை. வரைபடத்தில் வரிசையாக எண் போடும் ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டிக் கணினி நிரலை, அவர் இணையத்தில் இலவசமாக எடுத்திருந்தார். சொடுக்கிய இடமெல்லாம் அடுத்த எண்ணைப் போடும். பிறந்தபோது அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். வார்விக்கிடம் வளர்ந்தபின் அது எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் வேண்டுமா என்று கேட்டது, இடமிருந்து வலமா வலமிருந்து இடமா என்று கேட்டது, பாம்புபோல் வளைந்து போகட்டுமா என்று கேட்டது. பதில் சொல்லி முடிப்பதற்குள் கையாலேயே போட்டிருக்கலாம். அதை மட்டும் அது கேட்காது.

ஈஸ்டருக்கு மூன்று வாரம் முன்பு யெப்பூன் கடற்கரையில், வீட்டுவண்டியோடு வந்து தங்குகிறவர்களுக்கான கேரவன் பார்க்கிலிருந்து ஒரு வேலை வந்தது. தொண்ணூற்றாறு வரை எண் போட்ட இடங்கள் ஏற்கெனவே இருந்தன. ஓடைப் பக்கம் புதிதாக ஆறு இடம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் வரைபடம் போனால்தான் பலகை செய்கிறவர் பண்டிகைக்குள் பார்க் முழுக்கப் புது எண் பலகைகளை மாட்டித் தருவார். மூலையில் 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் என் பெயரின் முதலெழுத்துகள் மட்டும் இருக்கப்போகிற முதல் வரைபடம் அது. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு: எந்த வரைபடம் பிழையோடு திரும்பி வருகிறதோ, அந்தக் கட்டத்தில் பெயர் உள்ளவர் வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். என் கேக் இல்லாமலே அந்த அலுவலகத்தில் காலம் தள்ளிவிட வேண்டும் என்று நான் உறுதியாக இருந்தேன்.

"ஆறுதானே வார்விக், நானே அடிச்சிடுறேன்" என்றேன்.

கை முழங்காலுக்குப் போனது.

"இன்னைக்கு ஆறு. நாளைக்கு அறுபதுன்னா என்ன பண்ணுவ, டாம்சின்?"

"அறுபதையும் அடிப்பேன்."

"இதான் உங்க மாதிரி ஆளுங்ககிட்ட இருக்கிற கோளாறு. படிச்சிருக்கீங்க, யோசிக்க மாட்டேங்கறீங்க."

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அப்பா இறைச்சித் தொழிற்சாலையில் முப்பது வருடம் கைவேலை செய்தவர். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். யோசிக்காதவள் என்று பெயர் வாங்க நான் தயாராக இல்லை. மௌஸைக் கொடுத்துவிட்டேன்.

மூன்று நாள். வெள்ளி மதியம் இரண்டு நாற்பதுக்கு எல்லாரையும் கூப்பிட்டார். ஒரு சொடுக்கு, பார்க் முழுக்க எண்கள் ஓடி உட்கார்ந்தன.

"பாத்தியா, முழுசா நூறு. ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல."

தொண்ணூற்றாறும் ஆறும் நூறு அல்ல என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எண் அவ்வளவு அழகாக முடிந்திருந்தது. அழகாக இருந்தால் சரியாகவும் இருக்கும் என்று நான் எந்த வகுப்பில் கற்றுக்கொண்டேனோ தெரியவில்லை. அனுப்பிவிட்டேன்.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் பார்க்கை நடத்தும் கிளெனிஸ் அழைத்தார். "மூலையில இருக்கிறது உன் எழுத்துதானே? கிளம்பி வா. ஒரே மரத்தடிக்கு ரெண்டு குடும்பம் சீட்டு வச்சிருக்கு."

வார்விக்கையும் இழுத்துக்கொண்டு போனேன். மரத்தடியில் மெர்வ் என்ற பெரியவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே, கேரவனோடு நின்ற ஓர் இளம் தம்பதி. அவர்கள் சீட்டில் ஐம்பத்தாறு, பலகையிலும் ஐம்பத்தாறு.

"இருபத்தாறு வருஷமா ஐம்பத்தெட்டு இதுதான்" என்றார் மெர்வ். "பலகை வேணா மாறட்டும். என் முட்டி இதுக்கு மேல நடக்காது."

வார்விக் பழைய வரைபடத்தை விரித்தார். பதின்மூன்று இல்லை. இருபத்தேழும் இல்லை. "விட்டுப்போச்சுன்னு நெனச்சேன். இடைவெளி வந்தா அடைச்சிடுன்னு ஸ்கிரிப்ட்ல ஒரு வரி சேர்த்தேன். பின்னால இருந்த நம்பரெல்லாம் ஒண்ணு ரெண்டு குறைஞ்சிடுச்சு."

"பதிமூணு ராசியில்லாத நம்பர், அதுல யாரும் தங்க மாட்டாங்கன்னு என் மாமனார் வைக்கவே இல்ல. இருபத்தேழை அந்த அத்திமரம் முழுங்கிடுச்சு" என்றார் கிளெனிஸ். "ஒரு போன் பண்ணிருந்தா சொல்லிருப்பேனேப்பா."

பதின்மூன்று முதல் நூறு வரை எண்பத்தெட்டுப் பலகைகளையும் நானும் வார்விக்கும் கழற்றினோம், திருப்புளியால், கையால். ஒவ்வொன்றையும் உரிய இடத்தில் மாட்டினோம். முப்பதாவது பலகையில் வார்விக் நிமிர்ந்தார். "இதுக்கெல்லாம் மட்டும் ஒரு மெஷின் இருந்தா..."

"பேசாம திருகுப்பா" என்றார் நாற்காலியிலிருந்து மெர்வ்.

கடைசியில் நூற்றொன்றுக்கும் நூற்றிரண்டுக்கும் பலகை இல்லை. பிஸ்கட் அட்டையைக் கிழித்து மார்க்கரால் நானே எழுதினேன். அரை நிமிடம் ஆயிற்று. மெர்வ் தன் மரத்தடியில் தூங்கிவிட்டிருந்தார். மிஞ்சிய இரண்டில் பதின்மூன்றாம் பலகையை வார்விக் கொண்டுபோய்த் தன் மேசையில் மாட்டிக்கொண்டார்.

அப்பாவிடம் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார். "அந்த ஆறையும் நீயே அடிச்சிருக்கலாமேடி?" என்றார். பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத்தான் யோசிக்கத் தெரியுமே.

இதற்குமேல் நான் வார்விக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் சென்ற வாரம் கிளெனிஸ் இன்னும் இரண்டு இடம் சேர்க்கச் சொன்னார். நான் என்ன செய்தேன்? ஸ்கிரிப்ட்டைத் திறந்து, 'இடைவெளியை அப்படியே விடவா?' என்று அது கேட்கும்படி ஒரு வரி சேர்க்க உட்கார்ந்தேன். ஒன்றரை நாள் கழித்துக் குனிந்து பார்த்தால், என் கை முழங்காலின்மேல் இருந்தது. உங்களைக் கேட்கிறேன்: இதைப் படிக்க உட்காரும்முன் எந்தச் சின்ன வேலையை, இதற்கு ஒரு நல்ல வழி கண்டுபிடித்துவிட்டுச் செய்யலாம் என்று ஒதுக்கி வைத்தீர்கள்? உங்கள் கை இப்போது எங்கே இருக்கிறது?

கட்டத்தில் என் எழுத்து இருந்ததால் முறைப்படி நான் கேக் கொண்டுபோனேன். வார்விக் இரண்டு துண்டு தின்றுவிட்டு, பிழையில் தனக்கும் பங்குண்டு, தானும் ஒரு கேக் தர வேண்டும் என்று எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார். இன்றுவரை அவர் அதை மறுக்கவில்லை. ஐந்து மாதமாகிறது. யார் பிழைக்கு யார் எவ்வளவு பெரிய கேக் தர வேண்டும் என்பதைத் தானாகச் சொல்லும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறார். அது முடிந்ததும் கேக் வருமாம்.