முனுசாமி மாமாவுக்காக நான் பேசிய பேரம்

பேரம் பேசுவதில் நான் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் முழு வெற்றி பெற்றிருக்கிறேன். கேட்டது அத்தனையும் கிடைத்தது. ஒன்றுகூடக் குறையவில்லை. அந்த வெற்றியால் என் அக்கா புருஷனுக்கு ஒரு காது போயிற்று. அதன் பிறகு எங்கள் வீட்டில் முருங்கைக்காய் வாங்கக்கூட என்னை அனுப்புவதில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்து நான்கு வயது. செஞ்சியில் ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் தட்டச்சு வேலை. காலை முதல் மாலை வரை நிலம் விற்பவரும் வாங்குபவரும் என் கண்முன்னே மல்லுக்கட்டுவார்கள். அதைப் பார்த்துப் பார்த்தே பேரத்தில் நான் பெரிய கை என்று முடிவு கட்டியிருந்தேன். (நான் வாயைத் திறந்தால் எழுத்தர் முறைப்பார் என்பது வேறு விஷயம்.) உட்காரச் சொன்னால் உடனே உட்காரக் கூடாது. அடிக்கடி கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். காபி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். திண்டிவனத்தில் இன்னொரு பார்ட்டி காத்திருப்பதாகப் பேச்சோடு பேச்சாகச் சொல்லி வைக்க வேண்டும். இப்படியெல்லாம் செய்து ஜெயித்தவர்களை எனக்கு நன்றாக நினைவிருந்தது. இதையே செய்து தோற்றவர்களை நான் கவனித்ததில்லை.

அக்கா புருஷன் முனுசாமி மாமாவுக்கு வல்லம் பக்கம் சொந்த ஊர். பதினெட்டு வயதில் பட்டணத்துக்குப் போய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், அங்கேயே குத்துச்சண்டை கற்றுக்கொண்டு பத்துப் பன்னிரண்டு வருஷம் சண்டை போட்டார். துறைமுக வேலை போனதும் அக்காவோடு செஞ்சிக்கு வந்து மல்லாட்டை மில்லில், அதாவது வேர்க்கடலை மில்லில், மறுபடி மூட்டை. வயது முப்பத்தொன்பது, கேட்டால் முப்பத்து நான்கு என்பார். மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். காலையில் வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டால்தான் விரல்கள் மடங்கும். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை. போஸ்டரில் பெரிய எழுத்தில் போடுவார்களே, எல்லாச் சண்டையும் முடிந்த பிறகு கடைசியாக நடக்கும் பெரிய சண்டை, அது அவருக்குக் கிடைத்ததே இல்லை. ஜனங்கள் இடம் தேடி உட்காருவதற்குள் அவருடைய சண்டை முடிந்துவிடும்.

மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தை நம்பி, துரைக்கண்ணு என்கிற பட்டணத்துக் காண்ட்ராக்டர் செஞ்சிச் சந்தை மைதானத்தில் குத்துச்சண்டைக் கொட்டகை போட வந்தார். மாமாவின் பழைய பெயர் அவருக்கு நினைவிருந்தது. வந்து பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பினார். மாமா என்னைக் கூப்பிட்டார்.

"நானே போய் நின்னா காஞ்சி போயிருக்கேன்னு தெரிஞ்சிடும் மச்சான். நீ போ. பேண்ட் போட்டுக்கினு போ."

பேண்ட்டை இரவல் வாங்கக் கிளம்பினேன். கிணற்றடியில் தனம் அக்கா என்னை நிறுத்தினாள். அவளிடம் எதையும் மறைத்துப் பேசும் பழக்கம் கிடையாது.

"இதோ பாருடா சபா. காலைல எழுந்ததும் கொஞ்ச நேரம் என் பேரு இன்னான்னு தெரியல அவருக்கு. ரெண்டு தடவ ஆயிடுச்சு. இன்னும் அடி வாங்குனா நான் யாருன்னே தெரியாது."

போக வேண்டாம் என்கிறாயா என்று கேட்டேன். நீ போகாவிட்டால் அவரே போய்விடுவார் என்றாள். நாம் தடுத்தால் சாகும்வரை அதையே சொல்லிக்கொண்டிருப்பார், ஆகவே அந்த ஆள் வாயால்தான் வேண்டாம் என்று வர வேண்டும் என்றாள்.

"அவனால குடுக்கவே முடியாததா கேளு. கேட்டுட்டு எழுந்து வந்துடு. அவ்ளோதான் உன் வேலை."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆபீசில் உட்கார்ந்து, உலகத்தில் எந்தக் காண்ட்ராக்டரும் சம்மதிக்காத ஐந்து நிபந்தனைகளை யோசித்து எழுதிக்கொண்டேன். பத்திர எழுத்தரின் கைக்கடிகாரத்தையும் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். (அது ஓடாது. பார்ப்பதற்குத்தானே.)

துரைக்கண்ணு கடைத்தெருவில் ஓர் எண்ணெய்க் கடையின் மாடியில் தங்கியிருந்தார். மீசையை முறுக்கிக்கொண்டு ஒரு முரடர் இருப்பார் என்று நினைத்துப் போனேன். அங்கே இருந்தவர் சுகர் நோயாளி. மெல்லிய குரல். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. காபி வந்தது. தொடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன்.

அவர் தன் யோசனையைச் சொன்னார். சைதாப்பேட்டையிலிருந்து கோவிந்து என்றொருவர் வருகிறார், அவருக்கும் மாமா வயதுதான், தொப்பைகூட உண்டு. இருவரும் மூன்று ரவுண்டு ஆடட்டும். ஒருவரை ஒருவர் காயப்படுத்திக்கொள்ள மாட்டார்கள். ஜனங்கள் கை தட்டுவார்கள். மாலை போட்டு அனுப்பிவிடுகிறேன் என்றார். இன்று யோசித்தால் அதைவிட நல்ல யோசனையை யாரும் சொல்லியிருக்க முடியாது. அன்று நான் உதட்டைச் சுழித்துத் திண்டிவனத்துப் பார்ட்டியைப் பற்றிச் சொன்னேன்.

பிறகு முதல் நிபந்தனை. மாமாவின் சண்டைதான் கடைசிச் சண்டையாக இருக்க வேண்டும். அவர் கொஞ்சம் யோசித்துச் சரி என்றார். இரண்டாவது, மூன்று ரவுண்டு போதாது, எட்டு ரவுண்டு. அதற்கும் சரி. மூன்றாவதாக, பட்டணத்தின் முதல்தர ஆளோடுதான் மோத வேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன். சுவரில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. அதில் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன், கழுத்தும் தோளும் ஒன்றாக, கையுறைகளைத் தூக்கிக்கொண்டு நின்றான். பெயர் அருள். பட்டணத்தில் அந்த வருஷம் அவனை யாரும் ஜெயிக்கவில்லை. கோவிந்து வேண்டாம், இவனோடுதான் எங்கள் மாமா மோதுவார் என்றேன்.

துரைக்கண்ணு நிமிர்ந்து பார்த்தார். போஸ்டரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பேரம் உடைந்தது, அக்காவிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று காலை நகர்த்தினேன்.

"இது உங்க மாமாவுக்குத் தெரியுமா தம்பி?"

அவர்தான் சொல்லி அனுப்பினார் என்று கூசாமல் சொன்னேன்.

"பையனுக்கு அடுத்த மாசம் பட்டணத்துல பெரிய சண்ட இருக்குது. அதுக்கு முன்னாடி பேரு தெரிஞ்ச ஆளு ஒருத்தர் கூட அவன மோதவிடணும். நான் கேக்க வெக்கப்பட்டுக்கினு இருந்தேன். நீங்களே கேட்டுட்டீங்க."

இந்த இடத்தில் கத்தியிருக்க வேண்டும். ஐயா, நான் பேரத்தைக் கெடுக்க வந்தவன் என்று காலில் விழுந்திருக்க வேண்டும். வெட்கத்தை விட்டு உண்மையைச் சொல்கிறேன்: அப்போது எனக்கு உண்டானது சந்தோஷம். இருபத்து நான்கு வருஷத்தில் நான் கேட்டதற்கு யாரும் சரி சொன்னதில்லை. இங்கே ஒரு பட்டணத்துக் காண்ட்ராக்டர் மூன்று முறை சொல்லிவிட்டார். அக்கா, கிணற்றடி, வாக்கு எல்லாம் மறந்து போயின. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். போஸ்டரில் மாமா படம்தான் மேலே, அதுவும் பெரியதாக இருக்க வேண்டும் என்றேன். சரி என்றார். நடுவர் தன் இஷ்டத்துக்குச் சண்டையை நிறுத்தக் கூடாது, எங்கள் தரப்பில் துண்டை வீசினால் மட்டுமே நிறுத்தலாம் என்றேன். ஐந்தாவது நிபந்தனை அது. அவர் ஒரு பெருமூச்சு விட்டு அதற்கும் சரி என்றார்.

ஆறிப்போன காபியைக் குடித்தேன். இன்னொன்று வரவழைத்து அதையும் குடித்தேன். மறுநாள் ஒப்பந்தத்தை நானே தட்டச்சு செய்தேன். பழக்கதோஷத்தில், மேற்படி முனுசாமி மேற்படி அருளுடன் யாதொரு வில்லங்கமுமின்றிச் சண்டையிட்டு ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று அடித்துவிட்டேன். இரண்டு பக்கமும் கையெழுத்தாகும்வரை யாரும் அதைப் படிக்கவில்லை.

மாமா அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். கடைசிச் சண்டை என்ற இடத்தில் நிறுத்தினார். நிஜமாகவா என்று கேட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் முழுதாக மடங்கவில்லை. அக்கா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள்.

"இன்னாடா கேட்ட?"

"எல்லாம் கேட்டேன்க்கா."

"அவன் இன்னா சொன்னான்?"

"எல்லாத்துக்கும் சரின்னுட்டான்."

அவள் என்னைத் திட்டவில்லை. உள்ளே போய் மாமாவின் கைக்கு வெந்நீர் வைத்தாள்.

அதற்கப்புறம் புத்தி வந்து, ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சொல்லிக் காண்ட்ராக்டரிடம் போனேன். திண்டிவனம் ரோடு முதல் மலையனூர் வரை போஸ்டர் ஒட்டியாகிவிட்டது, ஆனாலும் உங்கள் மாமா ஒரு வார்த்தை சொன்னால் கிழித்துவிடுகிறேன் என்றார். மாமாவோ தினமும் விடியலில் கோட்டைப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். அக்கா ஒரு நாள் காலை அவரிடம் சொல்லியே விடுவது என்று கொல்லைப் பக்கம் போனாள். அவர் விசில் அடித்துக்கொண்டு குளித்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகி அவர் விசில் அடித்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி. மில் ஆட்கள், கடைத்தெரு வியாபாரிகள், மலையனூர் போகிற வழியில் இறங்கியவர்கள் என்று கொட்டகை நிரம்பி வழிந்தது. மாமாவின் மூலையில் நான், இரவல் பேண்ட்டோடு, கையில் புதுத் துண்டோடு. ஏறுவதற்கு முன் மாமா குனிந்து சொன்னார்: "கீழ உழுந்தாலும் துண்டு போடாத மச்சான். எழுந்துக்கறனான்னு பாரு."

முதல் இரண்டு ரவுண்டு அவர் நன்றாகவே ஆடினார். பையன் முகத்தில் மூன்று முறை கை பட்டது. மில் ஆட்கள் பெஞ்சு மேல் ஏறி நின்றார்கள். மூன்றாவதில் மூச்சு வாங்கியது. நான்காவதில் பையன் அடிக்க ஆரம்பித்தான். ஐந்தாவதில் நடுவர் கயிற்றோரம் வந்து, நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள், என்னால் நிறுத்த முடியாது என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். நான் மாமாவைப் பார்த்தேன். ரத்தம் வழிய, கூடாது என்று தலையை ஆட்டினார். துண்டு என் கையிலேயே இருந்தது. இத்தனை வருஷத்தில் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வது அந்த ரவுண்டைத்தான்.

இடைவேளையில் முக்காலியில் உட்கார்ந்தவர் தண்ணீர் குடித்துவிட்டு, லாரி வந்துவிட்டதா என்று கேட்டார். எந்த லாரி என்று கேட்டேன். மல்லாட்டை லாரி என்றார். நான் துண்டைத் தூக்குவதற்குள் மணி அடித்தது. அவர் எழுந்து போய்விட்டார்.

ஆறாவது ரவுண்டின் நடுவில் அந்தப் பையன் கைகளை இறக்கினான். "அண்ணே, போதுமா?" என்று கேட்டான். முன்வரிசைக்கே கேட்டது. மாமா பதிலாக அவன் வாயில் குத்தினார். கூட்டம் சிரித்தது. பையன் திருப்பி அடித்த அடி இடது காதில் விழுந்தது. நான் துண்டை வீசினேன். புதுத் துண்டு, எடையே இல்லை. காற்றில் விரிந்து மேல் கயிற்றில் போய்த் தொங்கியது. துவைத்துக் காயப்போட்டது போல இருந்ததே தவிர, அதை ஒருவரும் கவனிக்கவில்லை. இன்னொரு அடி. இன்னொன்று. நானே மேடை மேல் ஏறினேன். இரண்டு கயிற்றுக்கு நடுவே ஒரு கால் சிக்கியது. அப்படியே தலைகீழாகத் தொங்கினேன். இரவல் பேண்ட் பின்பக்கம் முழு நீளத்துக்குக் கிழிந்தது.

செஞ்சி ஊர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அந்தச் சத்தத்தில்தான் பையன் திரும்பிப் பார்த்தான், நடுவர் துண்டைப் பார்த்தார், சண்டை நின்றது. மாமா மட்டும் நின்ற இடத்தில் நின்றபடி வெறும் காற்றை இரண்டு முறை குத்தினார். பெண்கள் பக்கமிருந்து அக்கா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, கையுறையின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

மாமாவுக்கு இடது காது அதன் பிறகு கேட்கவே இல்லை. மில்லில் மூட்டை தூக்க விடாமல் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்தார்கள். தினமும் காலையில் அவர் கண் திறந்ததும், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, "நான் தனம்" என்று அக்கா சொல்லிவிடுவாள்.

துரைக்கண்ணு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். போகும்போது வாசலில் என்னிடம், "ஒண்ணாவது நான் முடியாதுன்னு சொல்லியிருக்கணும் தம்பி" என்றார். அவரைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட அவர் மீறவில்லை.

மாமாவுக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. கட்டிலுக்கு மேலே அந்தப் போஸ்டரைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடம் அதைக் காட்டி, என் மச்சான் பேசி வாங்கிக் கொடுத்தது, பட்டணத்து மேனேஜர்களால்கூட முடியாது என்கிறார். நான் அந்த நேரத்தில் வெளியே ஏதோ வேலை இருப்பது போல எழுந்து போய்விடுவேன்.

ஆனால் குடும்பத்தில் மற்ற எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்கு எதையாவது விற்க ஆள் வந்தால் முதலில் என்னை உள்ளறைக்கு அனுப்பிவிடுவார்கள். அக்கா மகளுக்கு வந்த ஒரு வரனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வர யார் போவது என்று பேச்சு வந்தபோது, சபா மாமா வேண்டாம், போனால் தேதி குறித்துக்கொண்டு வந்துவிடுவார் என்று அந்தப் பெண்ணே சொன்னாள். கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்தால் போதும், அக்காவைக் கதை சொல்லச் சொல்லிக் கெஞ்சுவார்கள். கிணற்றடியில் ஆரம்பித்து, நான் கயிற்றில் தொங்கியதை எழுந்து நின்று நடித்துக் காட்டி முடிப்பாள். அதை எங்கே சொன்னாலும் மாமாவுக்கு இடது பக்கம் உட்கார்ந்துதான் சொல்வாள். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பதைக் கண்டு, என்னவென்று தெரியாமலே, அவரும் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பார்.