பி.டி. மாஸ்டர் நடத்திய துன்பியல் பாடம்

மறுநாள் காலை பள்ளியை ஆய்வு செய்யக் கல்வி அதிகாரி வருகிறார். முந்தின நாள் மதியம்தான் பி.டி. மாஸ்டரின் கையில் இலக்கியப் புத்தகம் வந்து விழுந்தது. இலக்கிய டீச்சர் பிரசவ விடுப்பில் போய்விட்டதால், ஒன்பதாம் வகுப்புக்குத் துன்பியல் நாடகப் பாடம் அப்படியே நின்றுபோயிருந்தது.

"மேடம், எனக்கு விசில் ஊதத்தான் தெரியும்."

"பத்தே பத்து கலைச்சொல்தான். புரிய வச்சிருங்க போதும்" என்றார் தலைமையாசிரியை, ஜன்னலைப் பார்த்தபடி.

"அப்ப எனக்கு மாற்றல் வராம பார்த்துக்கற விஷயம்?"

"அதிகாரிகிட்ட பேசறேன். முதல்ல பாடம் நல்லா வரட்டும்."

மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவருடைய மனைவி போன மாதம்தான் பள்ளிக்கு எதிரிலேயே தையல் கடை திறந்திருந்தார். இந்த நேரத்தில் மாற்றல் வந்தால் கடையும் போச்சு, வீட்டில் நிம்மதியும் போச்சு.

வகுப்பில் புத்தகத்தை விரித்துப் படித்தார். "துன்பியல் நாயகன் தன் குறையாலேயே வீழ்ச்சியடைகிறான்."

நாற்பது பேரும் கொட்டாவி விட்டார்கள். மாஸ்டர் புத்தகத்தை மூடினார்.

"பத்து கோல் போட்டவன், எனக்கென்னடான்னு ஷூ லேஸ் கட்டாம ஓடி, குப்புற விழறான். அந்தத் திமிர்தான் குறை. புரியுதா?"

வகுப்பு நிமிர்ந்தது. மாஸ்டருக்கும் தெம்பு வந்தது.

"தனிமொழி. நம்ம லைப்ரரியன் அலமாரி முன்னாடி நின்னு தனக்குத்தானே புலம்புவாங்களே, அதேதான்!"

லைப்ரரியன் வாசலில் நின்றிருந்தார்.

"நான் புலம்பறது உங்களுக்குப் பாடமா?"

"ஐயோ, தப்பா எடுத்துக்காதீங்க" என்று மாஸ்டர் பதறினார். "நீங்களாவது தனியாப் பேசறீங்க. ஸ்டாஃப் ரூம்ல அத்தனை பேரும் சேர்ந்துல்ல புலம்பறாங்க! அது கோரஸ்."

லைப்ரரியன் நேரே ஸ்டாஃப் ரூமுக்குத்தான் போனார். இடைவேளையில் மாஸ்டருக்கு அங்கே உட்கார ஒரு நாற்காலி கிடைக்கவில்லை. டீயை நின்றபடியே குடித்துவிட்டு வகுப்புக்கு ஓடிவந்தார்.

மிச்சமிருந்த சொல் நாடக முரண். இனிமேல் வாசலைப் பார்க்காமல் வாயைத் திறப்பதில்லை என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேடத்துக்கு மாற்றல் வந்துடுச்சுன்னு வைங்க. ஊருக்கே தெரியும், அவங்களுக்கு மட்டும் தெரியாது. பாவம், அடுத்த வருஷம் இதைச் செய்யலாம், அதைச் செய்யலாம்னு திட்டம் போட்டுட்டு இருக்காங்க. பார்க்கிற நமக்கு எப்படி இருக்கும்? அதான் நாடக முரண்."

இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாடம் மனசுக்குள் இறங்கிவிட்டதே என்று மாஸ்டர் பூரித்துப்போனார்.

மறுநாள் அதிகாரி கடைசி வரிசையில், தலைமையாசிரியைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் பெஞ்சுப் பெண்ணைக் கைகாட்டினார்.

"நாடக முரண்னா என்னம்மா?"

அந்தப் பெண் எழுந்து மாஸ்டரைப் பார்த்தாள். "வேற கேள்வி கேளுங்க சார்."

"பயப்படாம சொல்லும்மா!" என்றார் மாஸ்டர். சொன்ன பிறகுதான் தான் கொடுத்த உதாரணம் ஞாபகத்துக்கு வந்தது.

"ஒருத்தருக்கு மாற்றல் வந்திருக்கு. எல்லாருக்கும் தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது."

அதிகாரியின் பேனா கீழே விழுந்தது. தலைமையாசிரியையின் முகத்தில் ஈயாடவில்லை.

"அது சும்மா கற்பனை சார்!" என்று மாஸ்டர் கத்தினார்.

"கற்பனையா? நான்தானே கையெழுத்துப் போட்டேன்!" அதிகாரி தலைமையாசிரியை பக்கம் திரும்பினார். "ஆர்டர் வந்தது பிள்ளைங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மாஸ்டருக்குத் தலை சுற்றியது. நிஜமாகவே வந்துவிட்டதா! தன் கரிநாக்கைக் கடித்துக்கொண்டார். தலைமையாசிரியை இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொள்ள, மாஸ்டரால் தாங்க முடியவில்லை. ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றார்.

"மேடம், கலங்காதீங்க. எந்த ஊர்னாலும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம்தான். சாமான் கட்டறதுக்கு நானே ஆள் கூட்டிட்டு வர்றேன். உங்களை அப்படியே விட்டுடுவோமா?"

அதிகாரி கூரையைப் பார்த்தார். முதல் பெஞ்சுப் பெண் மாஸ்டரைப் பார்த்து விசும்ப ஆரம்பித்தாள்.

"மேடத்தை விடுங்க சார். இன்ஸ்பெக்‌ஷன் முடியற வரைக்கும் உங்க ஆர்டரைப் பத்தி உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு அவங்கதான் சொன்னாங்க."