நெத்திலிச் சித்தப்பா

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நானும் பார்க்கவில்லை. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த காலத்தில், எங்கள் ஊர் காஜா பேராங்கில் அவர்களுடைய ராணுவ நிர்வாகம் இலவசத் தச்சுப் பயிற்சி நடத்துகிறது, அரிசியும் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் போய் நின்றேன். (அதுவரை எனக்கும் ஆணிக்கும் இருந்த உறவு சட்டை மாட்டுவதோடு சரி.) தேறியவர்களுக்கு ஊரிலேயே வேலை. தேறாதவர்கள் சயாமில் ரயில் பாதை போட லாரி ஏற வேண்டும். அந்த லாரியில் போனவர்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. வீட்டில் எனக்கு அக்கா ஒருத்தி, அவளுக்கு நான் ஒருத்தன், அவ்வளவுதான்.

சொந்தக்காரர்கள் விட்டுவிட்டு ஓடிப்போன ஒரு பெரிய பங்களாவில் பயிற்சி. காலையில் ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்கே பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டு உளியை எடுத்தால் பெட்டிதான். நாற்காலி கிடையாது, மேசை கிடையாது. இரண்டு கைக்குள் அடங்கும் சின்னப் பெட்டி, பூட்டில்லாத மூடி. செய்து அடுக்கியவை மறுநாள் அங்கே இருக்காது.

"தேயிலை வைக்கத்தான் இருக்கும் லா" என்றான் பக்கத்தில் இழைத்துக்கொண்டிருந்தவன்.

நான் சென்செய்யிடமே (வாத்தியாரை அப்படித்தான் கூப்பிட வேண்டும்) மலாய் மொழியில் கேட்டுவிட்டேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். அன்று முழுக்கத் திரும்பி வரவில்லை.

என் பெட்டியின் மூலைகளுக்குள் பேச்சுவார்த்தையே கிடையாது. இடுக்கில் விரல் போகும். ஒன்றைச் சென்செய் என் கையில் திணித்து, "விறகு. வீட்டுக்குக் கொண்டு போ" என்றார். அக்கா எதையும் லேசில் எரிக்க மாட்டாள். நெத்திலிக் கருவாட்டை அதில் கொட்டி, எறும்புக்குப் பயந்து வெள்ளை வேட்டித் துண்டால் கட்டி, பூனைக்கு எட்டாத ஒரே இடமான அப்பா படத்துப் பலகையில் விளக்கின் பக்கத்தில் வைத்தாள். அப்பாவுக்கும் நெத்திலி பிடிக்கும் என்று சமாதானம் வேறு.

பயிற்சி முடிந்த அன்று சாயங்காலம் சென்செய் வீட்டுக்கே வந்தார். "நாளைக் காலையில் லாரி" என்றார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பியவர் பலகையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தார். எழுந்திருக்கவே இல்லை.

"தம்பி, இவரு ஏன்டா நம்ம நெத்திலிய கும்பிடுறாரு?" என்று அக்கா என் காதில் கேட்டாள்.

"தெரியல. நீயும் கும்பிடு."

நாங்களும் விழுந்து கும்பிட்டோம். பூனையும் வந்து உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தது. (எங்களில் உண்மையான பக்தி அதற்கு மட்டும்தான்.)

"யார்?" என்றார் சென்செய்.

"தம்பி" என்று உளறினேன்.

"எங்கே இறந்தான்?"

"கடலில்." (இதில் பொய் இல்லை.)

பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து முகத்தருகே கொண்டுபோனார். இடுக்கெல்லாம் என் கைவண்ணம். வாசம் வராமல் இருக்குமா? "கடல் வாசம் இன்னும் போகவில்லை" என்றார். மெல்ல அசைத்தார். உள்ளே சலசலத்தது. மறுபடி அசைத்துக் கேட்டார்.

"என் மகனும் கடலில்தான். இதே மாதிரி பெட்டியில், வெள்ளைத் துணி கட்டி, சாம்பல் என்று அனுப்பினார்கள். அசைத்தேன். சத்தமே இல்லை. நீ கொடுத்து வைத்தவன். உன் தம்பி உள்ளே இருக்கிறான்."

அத்தனை நாளும் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் லாரி எங்கள் வாசலில் நிற்காமல் போனது. என் இடத்தில் யார் ஏறினார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஜப்பான்காரன் போகும்வரை அந்தப் பங்களாவில் பெட்டிதான் செய்தேன்.

இன்றும் எங்கள் வீட்டில் நெத்திலி டப்பாவை எடுத்தால், என் மகள், "சித்தப்பா உள்ள இருக்காரா பாருங்க" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே டப்பாவை வாங்கி அசைத்துப் பார்ப்பேன். சத்தம் கேட்ட பிறகுதான் திறக்க விடுவேன்.