அதிகாரி நாற்காலியும் குமாஸ்தா முக்காலியும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். மூன்றாவதாக நீங்கள் விட்டுச்சென்றது மட்டும் நலமில்லை. போனில் சொல்லலாம், ஆனால் உங்கள் குரலைக் கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மீதிப் பெட்டிகளை ஏற்ற மாலையில் வரும் லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சொல்ல வேண்டியவை:

1. வீடு மாறும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று நீங்கள் வைத்துப்போன கணினியைக் கெடுத்துவிட்டேன். என் மகள் அடுத்த வாரம் ஒப்படைக்க வேண்டிய மருத்துவமனை வரைபடங்களும் அதோடு போயின.
2. இதற்குக் காரணம், உங்கள் அத்தை முக்காலியை எடுத்தது.
3. ரூட் கடவுச்சொல்லை என்னிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ளவும்.

இனி விவரம். "சும்மாதானே இருக்கீங்க மாமா, மூலநிரல்லேர்ந்து லினக்ஸ்ங்கற இயங்குதளத்த நீங்களே கட்டிப் பாருங்க" என்று தனி வட்டு ஒன்றைச் செருகிக் கொடுத்தீர்கள். கையேட்டை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் தொடங்கினேன். சில வேலைகளை ரூட் என்கிற தலைமைக் கணக்கில் இருந்து செய், பிறகு அதிகாரமில்லாத கணக்குக்கு மாறிக்கொள் என்கிறது கையேடு. ரூட் எதை வேண்டுமானாலும் அழிக்கலாம், ஏன் என்று கேட்க நாதியில்லை. பதவி உயர்வு வந்தபோது வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டு, குமாஸ்தாவாகவே ஓய்வுபெற்றவன் நான். என் கையில் இப்படியொரு அதிகாரம்! சாதாரணக் கணக்குக்கு குமாஸ்தா என்றே பெயர் வைத்தேன். இப்போது எந்தக் கணக்கில் இருக்கிறோம் என்று திரையோரத்தில் எழுதியிருக்குமாம். என் கண்ணுக்கு அது எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. ஆகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டேன். ரூட்டாக இருந்தால் கைவைத்த நாற்காலி, குமாஸ்தாவாக மாறினால் முக்காலி. உங்கள் அத்தை காப்பி கொண்டுவரும்போதெல்லாம், "இப்ப ஐயா யாரு? அதிகாரின்னா சர்க்கரை போடறேன்" என்பாள். முக்காலியில்தான் அதிகம் உட்கார்ந்தேன், அதனால் உடம்புக்கும் நல்லதாயிற்று.

நேற்று குமாஸ்தாவாக மாறிவிட்டு முக்காலியைத் தேடினால், அதன்மேல் உங்கள் அத்தை நின்றுகொண்டு மின்விசிறி துடைக்கிறாள். "இறங்கேன், எனக்கு வேணும்" என்றேன். "நாற்காலி என்ன கடிக்குதா? அதுலயே உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். நிரலைத் தொகுக்கும் வேலை நெடுநேரம் ஓடியது, கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது. விழித்ததும் அடுத்த கட்டளையைத் தட்டினேன், தட்டிய பிறகுதான் தெரிந்தது புது வட்டின் முகவரியைப் போட மறந்தது, முகவரி போடாவிட்டால் எல்லாம் உங்கள் பழைய கோப்புகளின் தலைமேல் போய் உட்காரும் என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் எச்சரித்திருந்தது, குனிந்து பார்த்தால் என் முழங்கைக்குக் கீழே நாற்காலிக் கை. அடப்பாவி, ரூட்டா இருந்துக்கிட்டுல்ல தட்டிட்டோம்! நாலைந்து வரி கடகடவென்று ஓடியது. அதைப் படிக்கும் திராணி எனக்கில்லை. திரையை அணைத்து, மேலே ஒரு துண்டைப் போர்த்திவிட்டேன். அது இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. உங்கள் அத்தை, "ஏங்க, உள்ள யாராவது தூங்கறாங்களா?" என்று கேட்டாள்.

மகளிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். புது வீட்டில் இருவரும் குறையொன்றும் இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும் என்று, அந்தக் குறையை உண்டாக்கியவனே வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு: லாரி வாசலில் நிற்கிறது. அடித்துத் திருத்தி எழுத நேரமில்லை. கணினியையும் ஏற்றச் சொன்னால் என்ன செய்வது என்று, உங்கள் அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் துண்டை உருவினாள், திரையைப் போட்டாள், மூக்குக்கண்ணாடியை மாட்டினாள். "வரிக்கு வரி அனுமதி இல்ல, அனுமதி இல்லன்னுல்ல போட்டிருக்கு? ஓரத்துல குமாஸ்தான்னு இருக்கு. உங்கள யாருங்க உள்ள விட்டா!" என்றாள். வரைபடங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். எல்லாம் இருக்கின்றன. மேலே போட்ட பட்டியலில் இரண்டாவதையும் அடிக்கச் சொல்கிறாள், அதைப் பற்றி யோசிக்க வேண்டும். மூன்றாவது அப்படியே நிற்கட்டும். அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதும் நான் குமாஸ்தாவாகத்தான் இருந்திருக்கிறேன். முதலாவது தவறு.