பிரேக்கை நிறுத்துப் பார்த்த கதை

கடைக்குப் போய், அங்கே நிற்கிற பொருளைத் தட்டிப் பார்த்து, வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாக இருக்கிறவர்கள் பாக்கியவான்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஜாக்கெட்டையே மூன்று தடவை பிரித்துத் தைக்கச் சொல்லித் தையல்காரரை அழவைத்தவள் நான். சைக்கிள் வாங்கும்போது மட்டும் புத்தி வேறு மாதிரி வேலை செய்யுமா என்ன?

எண்பதுகளின் நடுவில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. ஐந்தருவிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். மேலகரத்தில் அக்கா வீட்டில் தங்கிக்கொண்டு போய்வந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதிகாரிகள் வந்து பார்த்து, "பரவாயில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று எழுதினால்தான் உண்டு. சீசன் வந்தால் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. அருவிக்கு வருகிறவர்களின் ஈரத்துண்டை முகத்தில் வாங்கியபடி ஒரு வாரம் போனேன். அதற்குப் பிறகுதான் சைக்கிள் யோசனை வந்தது.

நான் பிறந்து வளர்ந்தது திருவேங்கடத்தில். அங்கே மேடு என்றால் கண்மாய்க்கரை மட்டும்தான். தட்டையான கரிசல் மண்ணில் சைக்கிள் விட்டுப் பழகியவளுக்கு, ஐந்தருவி ரோட்டின் ஏற்றத்தைப் பார்த்ததும் ஒரே கவலை: எடை.

அத்தானும் அக்காவும் என்னைத் தென்காசியில் ஒரு சைக்கிள் கடைக்குக் கூட்டிப் போனார்கள். வரிசையாக லேடீஸ் சைக்கிள்கள் பளபளவென்று நின்றன. நான் ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். அது தரையை விட்டு வர மறுத்தது.

"யம்மா, வண்டி ஓட்டுததுக்குள்ளது. தூக்குததுக்கு இல்ல" என்றார் கடைக்காரர்.

"ஏட்டி கோமு, அவிய சொல்லுதது சரிதான? ஊர்ல அத்தனை பேரும் இதத்தான ஓட்டுதாவ" என்றாள் அக்கா.

"அத்தனை பேரும் மேட்டுலயா ஏறுதாவ?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். அத்தான் கடைக்காரரைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்தார். (அடுத்த பல வருஷங்களுக்கு அந்தச் சிரிப்பு அவருக்குத் தேவைப்பட்டது.)

நேராக மைதீன் பாயின் சைக்கிள் பட்டறைக்குப் போனேன். அவருடைய மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த ஒரு மெலிந்த ஃபிரேம் அங்கே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையால் தூக்கினேன். வந்துவிட்டது! அதை வைத்து எனக்கென்றே ஒரு வண்டி கட்டித் தரச் சொன்னேன். என் உயரம், கால் நீளம், கை நீளம் எல்லாவற்றையும் இஞ்ச் டேப்பால் அளந்து, படம் வரைந்து, தாளை நீட்டினேன். பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது சைக்கிளா, சட்டையா?" என்று கேட்டார்.

அதோடு விட்டிருந்தாலும் நல்ல வண்டிதான் வந்திருக்கும். ஆனால் பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு பழைய இரும்புக் கடை இருந்தது. அந்தக் கடையில் ஒரு தராசும் இருந்தது. மாட்டப்போகிற ஒவ்வொரு பாகத்தையும் கொண்டுபோய் நிறுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். இரும்புக் கடைக்காரர் எல்லாவற்றையும் நான் விற்க வந்திருப்பதாக நினைத்து மிக மரியாதையாக நடத்தினார்.

"ஸ்டாண்டு வேண்டாம் பாய். சுவத்துல சாய்ச்சு வச்சிக்கிடுவேன்."

"சரி."

"மட்கார்டும் வேண்டாம்."

"சேறு அடிக்குமே டீச்சர்?"

"கழுவிக்கிடலாம். சீட்டுக்கு அடியில இருக்க ஸ்பிரிங்கையும் எடுத்துருங்க. பெல்லு வேண்டாம். எனக்கு வாய் இருக்கு."

"அது இருக்கு" என்று பாய் உடனே ஒத்துக்கொண்டார். "ஆனா செயின் கவர் போட்டே ஆகணும். சேலை கட்டுத ஆளு நீங்க."

"இழுத்துச் செருகிக்கிடுவேன்."

கடைசியாகப் பின் பிரேக்கையும் கொண்டுபோய் நிறுத்துப் பார்த்துவிட்டு வந்தேன். பாய் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"இதையுமா டீச்சர் வேண்டாங்குதிய?"

"முன்னாடி ஒண்ணு இருக்குல்லா? ஒரு வண்டி நிக்கதுக்கு எத்தனை பிரேக்கு வேணும்?"

"ஏறின வண்டி இறங்கவும் செய்யணும்லா?"

"இறக்கம்னா தன்னால போயிரும் பாய்."

தன்னால்தான் போனது.

வண்டி ஒரு வெள்ளிக்கிழமை கைக்கு வந்தது. மறுநாள் சனிக்கிழமை, நல்ல சாரல். அக்காவும் அத்தானும் ஐந்தருவிக்குக் குளிக்கப் பஸ்ஸில் கிளம்பினார்கள். அக்காவின் வாடாமல்லிக் கலர் சேலையைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு நான் சைக்கிளில் கிளம்பினேன்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். ஏறும்போது அது சைக்கிளே இல்லை, காற்று. வாடகைச் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்க நடந்த வாலிபர்களைத் தாண்டிப் போனேன். தாண்டியதும் திரும்பி ஒரு பார்வை வேறு பார்த்தேன். ஸ்பிரிங் இல்லாத சீட் ரோட்டின் ஒவ்வொரு கல்லையும் எனக்குத் தனித்தனியாக அறிமுகம் செய்துவைத்தது. அதையெல்லாம் நான் பொருட்படுத்தவில்லை. மேலே பஸ்ஸிலிருந்து நசுங்கி இறங்கிய அத்தான், ஏற்கெனவே அங்கே நின்ற என்னைப் பார்த்து வாயைப் பிளந்தார். அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்னும் நாலு பாகங்களைக் கழற்றச் சொன்னாலும் கழற்றியிருப்பேன்.

அவர்கள் குளித்து முடித்ததும், "நீங்க பஸ்ஸுக்கு நில்லுங்க. நான் போய்க் காபி போட்டு வைக்கேன்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். கெத்தாக நாலு மிதி மிதித்தேன். நாலாவது மிதியில் சேலை செயினுக்குள் போனது. பெடல் நின்றுவிட்டது. சக்கரம் நிற்கவில்லை. வண்டி இறக்கத்தில் தலை நீட்டியிருந்தது.

முன் பிரேக்கைப் பிடித்தேன். சாரலில் நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை சோப்புக் கட்டி மாதிரி வழுக்கியது. குதிக்கலாம் என்றால் சேலையும் நானும் சைக்கிளும் ஒரே பிறவியாகியிருந்தோம். மட்கார்டு இல்லாத பின்சக்கரம் சேற்றை அள்ளி என் முதுகில் பூசிக்கொண்டே வந்தது. பெல்லுக்குப் பதிலாக வைத்திருந்த வாயைத் திறந்தேன்.

"வழி விடுங்க! வழி விடுங்க!"

எல்லாரும் வழி விட்டார்கள். ஏறும்போது நான் தாண்டிப் போன வாலிபர்கள் கைகூடத் தட்டினார்கள். ரோட்டோரம் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் பலகை போட்டிருந்தார்கள். அங்கே ஒருவர் மட்டும் கண்ணை மூடிக் குப்புறப் படுத்திருந்தார். தேய்த்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும், தொழில் தர்மத்தை மறந்து தாவி ஓடிவிட்டார். நான் ஹேண்டில்பாரை ஒடித்தேன். சக்கரம் பலகையின் ஓரத்தில் இடித்தது. பலகை சாய, படுத்திருந்தவர் எண்ணெய் வழுக்கலில் மெதுவாக, மிக மெதுவாக உருண்டு புல்லில் இறங்கினார். நான் ஒரு ஈரத்துண்டுக் குவியலில் விழுந்தேன். எண்ணெய்க் கிண்ணம் மேலே போய், யோசித்து, என் தலையில் இறங்கியது.

அவர் எழுந்து உட்கார்ந்தார். இடுப்பில் ஒரு துண்டு. மற்றபடி எல்லாம் எண்ணெய்தான்.

"யாரும்மா நீ?"

பயத்தில் வகுப்பறைப் பழக்கம் வந்துவிட்டது. உட்கார்ந்தபடியே கையைக் கட்டிக்கொண்டு, பெயர், பள்ளிக்கூடம், பாடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் முகத்து எண்ணெயை வழித்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார்.

"அந்த ஸ்கூலா? சரி. திங்கக்கிழமை வருதேன்."

"எதுக்கு சார்?"

"இன்ஸ்பெக்‌ஷனுக்கு."

ஏ.இ.ஓ. எங்கள் வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களைத் தணிக்கை செய்கிற உதவிக் கல்வி அதிகாரி. அவர் எழுதினால்தான் என் வேலை.

அக்காவும் அத்தானும் ஓடி வந்தபோது நான் சைக்கிளோடு கட்டுண்டு, தலையில் எண்ணெய் சொட்ட உட்கார்ந்திருந்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. சேலையைப் பார்த்தாள். அன்னாசிப்பழம் விற்றவரிடம் கத்தி வாங்கி, அவளே முந்நூறு திட்டுத் திட்டியபடி அறுத்து என்னை மீட்டாள். காலில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். அதிகாரிக்கு அதுகூட இல்லை. அத்தான் அவருக்குக் கைகொடுத்துத் தூக்கப் போய், மூன்று தடவை வழுக்கி நழுவவிட்டார்.

ஞாயிறு முழுக்க நான் ராஜினாமாக் கடிதம் எழுதினேன். அதையும் மூன்று தடவை கிழித்து எழுதினேன்.

திங்கட்கிழமை அவர் வந்தார். மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டை, மூக்குக் கண்ணாடி. ஹெட்மாஸ்டர் பின்னால் ஓடிவர, என் வகுப்புக்குள் நுழைந்தார். ஏழாம் வகுப்புக்கு அன்றைய பாடம் காலமும் வேகமும். கரும்பலகையில் புத்தகத்துக் கணக்கை அப்படியே எழுதிப்போட்டிருந்தேன்: "ஒருவர் சைக்கிளில்..." அவர் அந்த முதல் வரியை வெகுநேரம் படித்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"சைக்கிள்ல போறவங்களுக்கு முதல்ல எது நல்லா இருக்கணும்?"

"பிரேக்கு சார்!" என்று வகுப்பே கத்தியது.

"பிள்ளைகளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். ஹெட்மாஸ்டர் ஒன்றும் புரியாமல் பெருமையாகச் சிரித்தார்.

போகும்போது குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போனதை ஹெட்மாஸ்டர் எனக்குப் படித்துக் காட்டினார்: "கணித ஆசிரியை வேகத்தைப் பற்றிய பாடத்தைச் சொந்த அனுபவத்துடன் நடத்துகிறார். திருப்திகரம்." அந்தத் 'திருப்திகரம்' என்ற சொல்லைப் போல அழகான சொல்லை அதற்குப் பிறகு நான் கேட்டதே இல்லை. அந்த வருஷமே வேலை நிரந்தரமானது.

மறுவாரம் அதே கடைக்குப் போய், தரையை விட்டு வர மறுத்த அதே சைக்கிளை வாங்கினேன். மேட்டில் தள்ளிக்கொண்டு போவேன். இறக்கத்தில் இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு வருவேன். இருபது வருஷம் உழைத்தது. மைதீன் பாய் அந்தத் துபாய் ஃபிரேமில் மட்கார்டு, செயின் கவர், பெல், இரண்டு பிரேக் எல்லாம் போட்டு அவர் மகளுக்குக் கொடுத்தார். பிரமாதமான வண்டி என்று அந்தப் பெண் இன்றும் சொல்கிறாள்.

இதெல்லாம் நடந்து இத்தனை வருஷமாகியும் எங்கள் வீட்டில் தீபாவளி விடிகாலையில் எண்ணெய் தேய்த்து உட்காருகிறவருக்கு 'ஏ.இ.ஓ.' என்றுதான் பெயர். "ஏ.இ.ஓ. குளிச்சாச்சா?" "அடுத்த ஏ.இ.ஓ. யாரு?" என்று அக்கா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள். புதிதாக வந்த என் மருமகள் எங்கள் வீட்டில் கொண்டாடிய முதல் தீபாவளியில் இதைக் கேட்டு, விருந்துக்கு ஏதோ அதிகாரி வருகிறார் என்று நினைத்து அவசரமாகப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். கதை தெரிந்த பிறகு அவள்தான் எல்லாரையும்விட மோசம். பலகாரத் தட்டோடு நான் முற்றத்துப் பக்கம் தலையைக் காட்டினால் போதும், எண்ணெயோடு உட்கார்ந்திருக்கும் தன் புருஷனை இழுத்து ஓரமாக உட்காரவைத்துவிட்டுக் கத்துவாள்:

"டீச்சர் வருதாவ! வழி விடுங்க!"