முப்பத்தெட்டாம் வரிசைக் கத்திரிக்காய்

பிள்ளைகளே, முன்பெல்லாம் ரயில் பெட்டியின் கதவோரம் ஒரு காகிதம் ஒட்டியிருப்பார்கள். சார்ட் என்று பெயர். எந்தப் படுக்கையில் யார் வருகிறார், என்ன வயது, ஆணா பெண்ணா எல்லாம் அதில் இருக்கும். டில்லியில் வேலை பார்த்த என்னைப் போன்ற அப்பாக்கள், கோடை விடுமுறைக்கு மனைவி மக்களை ஏற்றிவிடப் போகும்போது முதலில் தேடுவது அதைத்தான். கந்தசாமி, செல்வராஜ், மேரி என்று ஏதாவது ஒரு பெயர் கண்ணில் பட்டால் போன உயிர் திரும்பி வரும். நேரே அந்த இருக்கைக்குப் போய், "நமக்கு எந்த ஊரு?" என்று ஆரம்பித்து, "பிள்ளைகளோட தனியாப் போறா, கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று முடிப்போம். அந்த நிமிஷத்திலிருந்து சென்னை வரும்வரை அந்தக் கந்தசாமிதான் என் பிள்ளைகளுக்குத் தாய்மாமன். தண்ணீர் பிடித்துத் தருவார், தன் வீட்டுப் புளியோதரையைப் பங்கு வைப்பார், சேட்டை செய்தால் அதட்டவும் செய்வார். முகம்கூட மறந்துபோன எத்தனையோ கந்தசாமிகள் என் குடும்பத்தைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள்.

நல்ல பழக்கம்தான். ஆனால் அதை ரயிலோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான் அதை விமானத்துக்குக் கொண்டுபோனேன்.

நான் திருநெல்வேலிப் பக்கம். பத்தாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கார் ஓட்ட டில்லி வந்தவன். லோதி ரோட்டில் தரைத்தள குவார்ட்டர்ஸ். பின்பக்கம் ஒரு கறிவேப்பிலை மரம், அதைச் சுற்றி அதன் கன்றுகள். என் மகள் நிவேதா டில்லியிலேயே பிறந்து, டில்லியிலேயே படித்து, மேல்படிப்புக்கு மெல்போர்னில் இடம் வாங்கினாள். எங்கள் குடும்பத்தில் விமானத்தில் ஏறப்போகும் முதல் ஆள் அவள். (விமான நிலைய வாசலுக்கு நான் ஆயிரம் முறை போயிருப்பேன். அதிகாரியை இறக்கிவிடுவேன், வண்டியைத் திருப்புவேன்.)

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, சாப்பிடும்போது அவள்தான் அந்தப் பேச்சை எடுத்தாள்.

"அப்பா, ஒரு ஆப் இருக்கு. நம்ம ஃப்ளைட்ல வேற யார் யார் வர்றாங்கன்னு காட்டும். முன்னாடியே பேசிக்கலாம். அவ்ளோ நேரம் போர் அடிக்காதுல்ல?"

"யார் யார் வாராங்கன்னு பேரோட காட்டுமா?"

"ஆமாப்பா. போட்டோவோட."

அவள் சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். என் தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. என் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சார்ட்!

அவள் தன் பக்கத்தைக் காட்டினாள். கறுப்புக் கண்ணாடி போட்டு, எங்கோ தூரத்தைப் பார்க்கும் படம். கீழே ஆங்கிலத்தில் 'பயணி, கனவு காண்பவள், காப்பிப் பிரியை' என்று எழுதியிருந்தது. (வீட்டில் காப்பியைக் கண்டாலே முகம் சுளிப்பாள்.) அவளுடைய புதிய கல்லூரியிலேயே படிக்கும் ஒரு சீனியர் பெண்ணும் அதே விமானத்தில் வருகிறாளாம். "நல்ல இம்ப்ரெஷன் வரணும்பா" என்றாள். எனக்கும் அதே கவலைதான். இம்ப்ரெஷன் என்றால் என்ன என்பதில்தான் எங்கள் இருவருக்கும் வேறுபாடு.

மறுநாள் அலுவலக வாசலில், காருக்குள் உட்கார்ந்தே அந்த ஆப்பை என் போனில் இறக்கினேன். நான் பயணியா என்று அது கேட்கவே இல்லை. விமான எண்ணைக் கேட்டது, தேதியைக் கேட்டது, படம் கேட்டது. குரங்குக் குல்லாவோடு இந்தியா கேட் முன்னால் நிற்கும் படத்தைப் போட்டேன். கதவு திறந்தது. அடேயப்பா, எத்தனை முகங்கள்! ரயிலில் என்றால் ஒவ்வொரு படுக்கையாகப் போய்க் கும்பிட வேண்டும். இங்கே 'எல்லோருக்கும்' என்று ஒரு பொத்தானே வைத்திருந்தார்கள். (அந்த எல்லோரிலிருந்து என் மகள் பெயரை மட்டும் எடுத்துவிட்டேன்.) விஞ்ஞானம் எவ்வளவு வளர்ந்துவிட்டது என்று வியந்துகொண்டே எழுதத் தொடங்கினேன்.

நான் எழுதிய ஆங்கிலத்தை அப்படியே தந்தால் உங்கள் ஆங்கிலமும் கெட்டுவிடும். தமிழில் தருகிறேன்:

"மரியாதைக்குரிய சக பயணிகளே, நான் வரவில்லை. என் மகள் நிவேதா வருகிறாள். முப்பத்தெட்டாம் வரிசை, ஜன்னல். முதல் தடவை. சின்ன வயதிலிருந்தே பஸ்ஸில் வாந்தி எடுப்பாள். பசித்தால் கேட்க மாட்டாள். அம்மாவை நினைத்து அழுவாள், ஆனால் ஜலதோஷம் என்பாள். அவளுக்குத் தெரியாமல் நீலப் பெட்டியில் டவலுக்குள் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்து அனுப்புகிறேன், வேரோடு, எங்கள் வீட்டு மண்ணோடு. இறங்கியதும் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்."

அடையாளத்துக்கு அவள் படமும் வேண்டுமே? என் போனில் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஐந்தாம் வகுப்பு மாறுவேடப் போட்டியில் அவள் கத்திரிக்காயாக நின்ற படம். உடம்பு முழுக்க ஊதா, தலையில் பச்சைக் காம்பு, முகத்தில் ஆறுதல் பரிசு வாங்கிய சோகம். அதைப் போட்டு, 'இப்போது வளர்ந்துவிட்டாள்' என்று கீழே குறிப்பும் எழுதினேன். புறப்படும் நாள் காலையில் இன்னொரு வரி சேர்த்தேன்: 'இன்று மஞ்சள் சுடிதார்.'

டில்லி விமான நிலையத்தில் டிக்கெட் இல்லாதவர்கள் உள்ளே போக முடியாது. ஜூலைப் புழுக்கத்தில், நானும் என் மனைவி சாந்தியும் கண்ணாடிச் சுவருக்கு வெளியே மூக்கை அழுத்திக்கொண்டு நின்றோம். நிவி உள்ளே பெட்டி போடும் வரிசையில் நின்றாள். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி.

முதலில் ஒரு தலைப்பாகைக்காரப் பெரியவர் அவளிடம் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். நிவி தலையை ஆட்டி மறுத்தாள். அவர் விடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து, அது எதற்கான மாத்திரை என்று நடித்தே காட்டினார். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அடுத்து முக்காடு போட்ட ஒரு பெண் வந்து அவள் கன்னத்தைத் தொட்டாள். அப்புறம் ஒரு வயதான தம்பதி வாழைப்பழத்தோடு வந்தார்கள். கடைசியாக முதுகுப் பையோடு ஒரு இளம்பெண் வந்து போனைக் காட்டினாள். இவள் முகத்தைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், மறுபடி இவள் முகத்தைப் பார்த்தாள். (அந்தக் கல்லூரி சீனியர் அவள்தான் என்று பின்னால் தெரிந்தது.)

"எவ்வளவு நல்ல சனங்க, பாத்தியா சாந்தி!" என்றேன்.

"ஏங்க, பிள்ளை நம்மளத்தான் பாக்கா. மூஞ்சி சரியில்லையே" என்றாள் சாந்தி.

என் போன் அடித்தது.

"அப்பா, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லம்மா, சும்மா பாத்துக்கிடச் சொல்லி..."

"கத்திரிக்காய், அப்பா! கத்திரிக்காய்!" குரல் உடைந்தது. "நான் சின்னப் பாப்பா இல்ல. போதும்பா, இனிமே எதுவும் பண்ணாதீங்க."

போனை வைத்துவிட்டாள். பெட்டி போனது, அவளும் போனாள். கையை உயர்த்தித் தயாராக வைத்திருந்தேன். அவள் திரும்பவே இல்லை. கைக்கு வேலை இல்லாமல், கண்ணாடியில் படிந்திருந்த என் மூக்குத் தடத்தைத் துடைத்தேன்.

வண்டியில் சாந்தி சரோஜினி நகர் தாண்டியதும், "ஆசையாப் போற பிள்ளைய அழ வச்சு அனுப்பிட்டீங்க" என்றாள். அந்த மகள் இனி என்னோடு பழையபடி பேசுவாளா என்பதுதான் எனக்கிருந்த ஒரே கேள்வி. அன்று நான் சிக்னலில் பச்சை விழுந்தும் நின்றேன்.

வீட்டுக்கு வந்தால் அந்த ஆப்பில் செய்தி மேல் செய்தி. தலைப்பாகைக்காரர் பெயர் பல்பீர் ஜி. ஆகாயத்திலேயே இன்டர்நெட் வாங்கியிருக்கிறார், என்னை நிம்மதிப்படுத்துவதற்காகவே. 'பேட்டி ஜூஸ் குடித்தாள்.' (பேட்டி என்றால் இந்தியில் மகள்.) 'பேட்டி கோபமாக இருக்கிறாள், ஆனால் ராஜ்மா சாப்பிட்டாள்.' 'வாந்தி இல்லை, வாஹே குருவின் கருணை.' நான் ஒவ்வொன்றையும் அடுப்படியில் போய் வாசித்தேன். மூன்றாவது செய்திக்குச் சாந்தி சிரிப்பை அடக்கக் கரண்டியால் வாயை மறைத்தாள்.

அப்புறம் செய்தி நின்றது.

மறுநாள் காலை, மாவு பிசையும் நேரத்தில் நிவியின் போன் வந்தது. முதலில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"ஜலதோஷமாம்மா?" என்றேன்.

"அப்பா, அந்தச் செடி..."

நடந்தது இதுதான். இறங்குவதற்கு முன்னால் எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். உணவு, செடி, மண் ஏதாவது கொண்டுவருகிறீர்களா? நிவி எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று போட்டுவிட்டாள். அந்த முக்காடு போட்ட பெண் ஃபாத்திமா, திருச்சிக்காரர், மெல்போர்னில் நர்ஸாக இருப்பவர். பக்கத்து வரிசையிலிருந்து அதைப் பார்த்துவிட்டு எழுந்து ஓடிவந்திருக்கிறார்.

"அடியே, இல்லைன்னா போட்டிருக்க? உங்க அத்தா செடி வச்சிருக்காரே, மண்ணோட!"

"இல்லக்கா, எங்கப்பா அப்படியெல்லாம் பண்ண மாட்டார்" என்றிருக்கிறாள் நிவி.

(இந்த வரியை அவளை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். முந்தின நாள்தான் என்னால் அழுதிருந்தாள். அப்படியும் என்னை விட்டுக்கொடுக்கவில்லை.)

கத்திரிக்காய்ப் படத்தைப் பார்த்த கோபத்தில் நிவி படிக்காமலே விட்டிருந்த என் செய்தியை ஃபாத்திமா எடுத்துக் காட்டியிருக்கிறார். அந்த நாட்டில் வெளிமண்ணை மறைத்துக் கொண்டுபோவது பெருங்குற்றமாம். அபராதம் உண்டு, விசாவே போனாலும் போகுமாம். கார் ஓட்டுபவனுக்கு டில்லிச் சாலை விதி தெரியும், மெல்போர்ன் மண்ணின் விதி எப்படித் தெரியும்? ஃபாத்திமா புதுப் படிவம் வாங்கி நிவியை 'ஆம்' போட வைத்தார். இறங்கியபின் இவள் தனியாக நிற்கக்கூடாது என்று அவரும் பல்பீர் ஜியும் சோதனை வரிசையில் கூடவே நின்றிருக்கிறார்கள். அவர்கள் பெட்டி எப்போதோ வந்து, பெல்ட்டில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்ததாம். கையுறை போட்ட அதிகாரி டவலைப் பிரித்து, என் கன்றைப் பாம்பைத் தூக்குவதுபோல் தூக்கியிருக்கிறார். முன்னாலேயே சொல்லிவிட்டதால் அபராதம் இல்லை. செடி மட்டும் குப்பைக்குப் போனது.

"நீங்க அந்த மெசேஜ் போடலன்னா நான் மாட்டியிருப்பேன்பா" என்றாள். பிறகு, "நீங்க செடி வெக்கலன்னா மெசேஜே வேண்டாம், அது வேற" என்றாள். இருவரும் சிரித்தோம். எனக்கும் ஜலதோஷம் பிடித்துக்கொண்டது.

நான் படிப்பு அதிகம் இல்லாதவன், பெரிய வார்த்தை தெரியாது. முன்பின் தெரியாத ஒரு குல்லாக்காரன் 'பார்த்துக்கொள்ளுங்கள்' என்று எழுதினான். அதை ஒரு விமானமே மதித்தது. அந்த நன்றியை எங்கே வைப்பது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அவர்கள் அதோடு விடவும் இல்லை. பெருநாளென்றால் நிவிக்கு ஃபாத்திமா வீட்டில் பிரியாணி. பரீட்சை என்றால் பல்பீர் ஜி வீட்டிலிருந்து பராத்தா. அந்தச் சீனியர் பெண்தான் இன்று அவளோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கிறாள். மெல்போர்னில் என் மகளை யாரும் நிவேதா என்று கூப்பிடுவதில்லை. இந்திக்காரர்களுக்கு பைங்கன், தமிழர்களுக்குக் கத்திரிக்காய்.

சென்ற வருஷம் நானும் சாந்தியும் முதல் தடவையாக விமானம் ஏறினோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனதே எனக்குப் பெருமை. இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, பின் வரிசைப் பையன் எட்டிப் பார்த்தான்.

"அங்கிள், நீங்கதானே முத்தையா? பெல்ட் நான் போட்டுவிடறேன். பசிச்சா கேட்க மாட்டீங்களாமே?"

எதிர்ப் பக்கத்து அம்மாள் ஒரு தலையணையை நீட்டினார். "பையில் செடி ஏதும் இருக்கிறதா?" என்று இந்தியில் கேட்டார். அவர் போனில் குரங்குக் குல்லாவோடு நான் நின்றேன். கீழே, 'இப்போதும் வளரவில்லை' என்று ஒரு குறிப்பு.

சாந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

படிவம் வந்தது. என் பையில் ஒரு இலைகூட இல்லை. ஆனாலும் 'இல்லை' என்று போட எனக்குக் கை வரவில்லை. எல்லாக் கேள்விக்கும் 'ஆம்' போட்டேன். அதிகாரிகள் எங்கள் பெட்டிகளைத் தலைகீழாகக் கொட்டித் தேடினார்கள். செருப்பைத் திருப்பிப் பார்த்தார்கள். சாந்தியின் சீப்பைக்கூட விடவில்லை. ஒன்றும் கிடைக்காததில் அவர்களுக்குத்தான் வருத்தம். ('ஆம் முத்தையா' என்று என்னை வீட்டில் கூப்பிடுவது அன்று தொடங்கியதுதான்.)

எல்லோரும் போனபின் கடைசியாக வெளியே வந்தோம். தடுப்புக்கு அந்தப் பக்கம் நிவி நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. ஒரு கையில் எனக்காகக் கொண்டுவந்த கம்பளிச் சட்டை. இன்னொரு கையை ஆட்டிக்கொண்டிருந்தாள், நாங்கள் அவளைக் கண்டுகொள்வதற்கு முன்பிருந்தே.